மெய்யம்மையின் மூன்று பெட்டிகள்

போன புதன்கிழமை காலை, கிள்ளான் போகும் ரயிலில் நின்றுகொண்டு, என் மனைவியின் சாமான்களைத் திருடுவது என்று முடிவு செய்தேன்.

அவசரத்தில் எடுத்த முடிவு அல்ல. கே.எல். சென்ட்ரலில் ஏறியபோது மனம் மறுத்தது. சுபாங் ஜெயாவில் யோசித்தது. ஷா ஆலமில் சம்மதித்தது. கிள்ளானில் இறங்கும்போது, இத்தனை வருஷம் திருடாமல் இருந்ததுதான் தப்பு என்று என்னையே கண்டித்தது.

என் பெயர் சோலையப்பன். வயது ஐம்பத்தாறு. வீடு பிரிக்பீல்ட்ஸில், கடை கிள்ளானில். பழைய சாமான் கடை. யாராவது ஒரு பொருளைக் கொண்டுவந்தால், முதலில் அதைத் தலைகீழாகத் திருப்புவேன். விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவேன். பெருமூச்சு விடுவேன். பிறகு சொல்வேன்: "பழசுதானே. பாத்துப் போட்டுத் தரேன்." இந்த இரண்டு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு மகளைப் படிக்க வைத்தேன், ஒரு வீடு வாங்கினேன்.

முன்பெல்லாம் கடைக்கு ஆள் வந்தார்கள். ஊரிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து இறங்கியவர்கள் நேராக என் கடைக்குத்தான் வருவார்கள். ஒரு மின்சாரக் காத்தாடி, ஒரு ரைஸ் குக்கர், ஒரு மெத்தை. இரண்டு வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பும்போது அதே சாமானை எனக்கே விற்றுவிட்டுப் போவார்கள். ஒரு காத்தாடி என்னிடம் ஐந்து முறை வந்து போயிருக்கிறது. கடைசியில் அதற்கே வழி தெரியும் போலிருந்தது.

இப்போது வருகிறவர்கள் கையில் போன் இருக்கிறது. அதில் புதுக் காத்தாடி, என் பழைய காத்தாடியைவிட மலிவாக, வாசலில் வந்து இறங்குகிறது. விற்க வேண்டுமென்றாலும் அவர்களே படம் எடுத்துப் போட்டு, அவர்களே விற்றுக்கொள்கிறார்கள். நடுவில் நான் எதற்கு? இதை நான் கடையில் தனியாக உட்கார்ந்து அடிக்கடி கேட்டுக்கொண்டேன்.

இன்னொன்றும் புரிந்தது. இருபது வருஷப் பழசு குப்பை. அறுபது வருஷப் பழசு பொக்கிஷம். காபிக் கடை வைத்திருக்கும் இளைஞர்கள் எனாமல் தூக்குச் சட்டியைத் தேடி அலைகிறார்கள். என்னிடம் இருப்பதெல்லாம் டிவிடி பிளேயர், இஸ்திரிப் பெட்டி, ஃபேக்ஸ் மெஷின். எல்லாம் இருபது. நான் ஐம்பத்தாறு. இரண்டு பக்கமும் சேராத வயது.

கடை மூன்று வருஷம் மூச்சுவிட்டதற்கு ஒரே ஒரு ஆள்தான் காரணம். போனில் 'ரெட்ரோ அம்பாங்' என்று பெயர். படத்தில் ஒரு பூனை. நான் 'பாஸ்' என்பேன், அவரும் 'பாஸ்' என்பார். யாரும் சீண்டாத சரக்கைத்தான் கேட்பார். "டிவிடி பிளேயர் இருக்கா பாஸ்? ரெண்டு அனுப்புங்க." பேரமே கிடையாது. மோட்டார்சைக்கிள்காரர் வந்து எடுத்துப்போவார், அந்தக் கூலியும் பாஸ்தான். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை பதில் வராது. பெரிய ஆள், மீட்டிங் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அவரிடம் மனம்விட்டுப் பேசியிருக்கிறேன். ஒருமுறை எழுதினேன்: "இதெல்லாம் வீட்டில் சொல்ல முடியாது பாஸ். மனைவி நல்லவள்தான். ஆனால் வியாபாரம் என்றால் ஒன்றும் தெரியாது."

"அப்படியா பாஸ்" என்று பதில் வந்தது.

அன்று வீட்டில் ரசத்தில் உப்பு இல்லை. மனுஷனுக்கு எல்லாப் பக்கமும் சோதனை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்தப் பாஸும் நின்றுவிட்டார். "வைக்க இடமில்ல பாஸ். கொஞ்ச நாள் போகட்டும்." இந்த மாத முதல் வாரம், கடைக் கட்டடத்தின் சொந்தக்காரரான சீன முதலாளி, தவுக்கே, வந்து, மாதக் கடைசிக்குள் தொடர்வதா காலி செய்வதா என்று சொல்லச் சொன்னார். அதே வாரம் என் மைத்துனர் காசிவிஸ்வநாதனும் போன் செய்தார். அவருக்குப் பூச்சோங்கில் ஹார்டுவேர் கடை.

"அண்ணன் கேக்குறாங்க," என்றாள் என் மனைவி மெய்யம்மை, தோசையைத் திருப்பிக்கொண்டே. "கல்லாவுல உக்கார ஆள் வேணுமாம்."

"எனக்குக் கடை இருக்கு."

"இருக்குலா. ஆளு வராங்களா?"

"வருவாங்க."

"எப்ப?"

"தோசை கருகுது பாரு."

"கருகல. பேச்ச மாத்தாதீங்க."

முப்பது வருஷம் முதலாளியாக இருந்துவிட்டு, மைத்துனரின் கல்லாவில், அவர் சாப்பிடப் போகும்போது மட்டும் சாவி கையில் வாங்கிக்கொண்டு உட்காருவது. அதை நினைத்தால் தோசை இறங்கவில்லை. அதனால்தான் அந்த மூன்று பெட்டிகள் என் கண்ணில் பட்டன.

எங்கள் பக்கத்தில் பெண் பிறந்த நாளிலிருந்து அவளைப் பெற்ற ஆத்தா சாமான் சேர்க்கத் தொடங்கிவிடுவார். பித்தளை, எவர்சில்வர், எனாமல், ஒவ்வொன்றிலும் ஒரு டஜன். கல்யாணத்தில் கூடம் முழுக்கப் பரப்பி வைப்பார்கள். ஒவ்வொரு பாத்திரத்திலும் பெயர் வெட்டியிருக்கும். அது பெண்ணின் சொத்து. மாப்பிள்ளை வீட்டார் பார்க்கலாம், எண்ணலாம், கை வைக்கக் கூடாது. மெய்யம்மையின் சாமான், அவள் பாட்டியார் காலத்து பர்மா எனாமல் தூக்குகள் உள்பட, காரைக்குடியிலிருந்து மூன்று மரப்பெட்டிகளில் கப்பலேறிப் போர்ட் கிள்ளானில் இறங்கியது. பின் அறையில் வைத்தோம். மேலே ஒரு போர்வை. நானறிய அதை யாரும் திறக்கவில்லை.

பயன்படாத பொருள் யாருடையது? இந்தக் கேள்வியை நான் நேர்மையாகத்தான் யோசித்தேன். யோசித்து, எனக்கு வேண்டிய பதிலுக்கு வந்து சேர்ந்தேன். ஒரு பெட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்தால் போதும். பெயர்களை அரம் வைத்துத் தேய்த்துவிடலாம், அது என் தொழில். பாஸிடம் படம் அனுப்பினால், டிவிடி பிளேயருக்கே பேரம் பேசாத மனிதர், எனாமலுக்குப் பறந்து வருவார். கடை பிழைக்கும். பிழைத்ததும் எப்படியாவது ஈடு செய்வேன். எப்படி என்று அப்போது யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மெய்யம்மை கோவிலுக்குப் போய்விட்டு வர ஒரு மணி நேரமாகும். அன்று பகல் ரயிலில் வீட்டுக்கு வந்தேன். சக்கரம் வைத்த துணிப்பெட்டியில் நாலு பழைய இஸ்திரிப் பெட்டிகள். எடுக்கிற எடைக்கு எடை வைக்க வேண்டும். பெருக்கும்போது அவள் பெட்டியை நகர்த்துவாள், கனம் குறைந்தால் தெரிந்துவிடும். திருடினாலும் ஒரு ஒழுங்கு வேண்டும்.

சாவி உளுந்து டப்பாவில் இருந்தது. இருக்கும் என்று தெரியும். டப்பாவையே பின் அறைக்கு எடுத்து வந்தேன். போர்வையை விலக்கினேன். உட்கார்ந்தேன். மாமியாரை மனதில் நினைத்து மன்னிப்புக் கேட்டேன். திறந்தேன்.

மேலே பழைய தமிழ்ப் பத்திரிகை. விலக்கினேன்.

டிவிடி பிளேயர்.

அதற்குக் கீழே இன்னொரு டிவிடி பிளேயர். அதன் ஓரத்தில் விலைச்சீட்டு. அதில் என் கையெழுத்து.

இரண்டாவது பெட்டியைத் திறந்தேன். இஸ்திரிப் பெட்டிகள். பதினொன்று. மூன்றாவதில், "பாஸ், இதற்கு ஒரு நாள் மதிப்பு வரும்" என்று நானே எழுதி அனுப்பி வைத்த ஃபேக்ஸ் மெஷின், துணி சுற்றி, குழந்தை மாதிரிப் படுத்திருந்தது.

முதலில் தோன்றியது இதுதான்: பாஸ் ஒரு திருடன். என் கடையில் குப்பையை வாங்கி, என் வீட்டில் புகுந்து, பொக்கிஷத்தை எடுத்துக்கொண்டு, எடைக்கு எடை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். என்ன ஒரு நிதானமான திருடன்! ஆத்திரத்தோடு கொஞ்சம் மரியாதையும் வந்தது. போனை எடுத்துத் தட்டினேன்: "பாஸ், நீங்க யாரு?"

என் முதுகுக்குப் பின்னால் 'டிங்' என்று ஒரு சத்தம்.

திரும்பினேன். வாசற்படியில் மெய்யம்மை. ஒரு கையில் பிரசாதப் பொட்டலம். இன்னொரு கையில் போன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையைப் படித்தாள்.

"நான்தான் பாஸ்," என்றாள்.

அவளும் உட்கார்ந்தாள். ஃபேக்ஸ் மெஷினுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

"அந்தத் துணிப்பெட்டியில என்ன?"

"அயன் பாக்ஸ்."

"எத்தனை?"

"நாலு."

"எடைக்கா?"

"ம்."

"நானும் அப்படித்தான்லா வச்சேன்," என்றாள். கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உன் ஆத்தா கொடுத்த சாமான் எங்க?"

"வித்துட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"நீங்க யாரைக் கேட்டு சாவி எடுத்தீங்க?"

உளுந்து டப்பாவைப் பார்த்தேன். அது மூடாமல் கிடந்தது.

"அபிராமிகிட்ட கேட்டேன்," என்றாள் மெய்யம்மை. அபிராமி எங்கள் மகள், சிங்கப்பூரில் இருக்கிறாள். "இதெல்லாம் உனக்குத்தாண்டி, எப்ப எடுத்துக்கிறேன்னு கேட்டேன். என் வீட்டுல வைக்க அலமாரி இல்லம்மா, ஒரு தூக்கு மட்டும் போதும்னா. அன்னைக்கு ராவெல்லாம் தூக்கம் வரல. அப்புறம் பக்கத்து வீட்டு ரிஸ்வானாகிட்ட சொன்னேன். அவதான் படம் எடுக்கக் கத்துக் கொடுத்தா. அந்தத் தனி நம்பரும் பூனையும் அவளோடதுதான். உங்க சாமானெல்லாம் அவ வீட்டுலதான் வந்து இறங்கும்."

"பேர் வெட்டின பாத்திரத்தை யாரு வாங்குவா? தேச்சியா?"

"தேக்குறதா? நீங்க பேரைத் தேச்சு எடுத்துட்டு வித்தீங்க. நான் பேருக்குத்தான் விக்கிறேன். இது யாரு, எந்த ஊரு, எந்தக் கப்பல்ல வந்துச்சு, இதுல என்ன சமைச்சாங்கன்னு எழுதிப் போடுவேன். அதைப் படிச்சுட்டுத்தான் வாங்குறாங்க. பாத்திரம் கடையில புதுசாவே கிடைக்கும்."

முப்பது வருஷமாக அரம் பிடித்த என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை பெயர்களைத் தேய்த்திருப்பேன்?

"அந்தக் காசுல போய் எதுக்கு என் டிவிடி பிளேயரை வாங்கின?"

"கடை மூடினா நீங்க எங்க இருப்பீங்க?"

"வீட்டுல."

"அதான்."

அவள் பிரசாதப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் தள்ளினாள்.

"எங்க அண்ணன் கடையில நீங்க கல்லாவுல உக்காந்து, யாராவது ஆணி கேட்டா, நீங்க ஆணியத் திருப்பித் தட்டிப் பாத்து பெருமூச்சு விட்டு... ஒரு வாரம் தாங்குமா? எல்லாரும் சிரிப்பாங்க. அத என்னால பாக்க முடியாது." கொஞ்சம் நிறுத்தினாள். "வியாபாரம் தெரியாதவ, எனக்குத் தெரிஞ்சத செஞ்சேன்."

உப்பில்லாத ரசம் நினைவுக்கு வந்தது. சுண்டலை மென்றேன். இப்படி ஒருத்தி நமக்காகத் தன் ஆத்தா வீட்டுச் சாமானை விற்றிருக்கிறாளே, நாம் அவளிடமே திருட வந்தோமே என்று மனம் கலங்கி, அவள் கையைப் பிடிக்கலாமா என்று யோசித்த நேரத்தில், வாசலில் ரிஸ்வானாவின் குரல்.

"ஆச்சி! அம்பாங்லேர்ந்து அண்டா வந்துருச்சு! ரெண்டு லோரி ஆளு தூக்கிட்டு நிக்கிறாங்க. எங்க வைக்கச் சொல்ல?" உள்ளே எட்டிப் பார்த்தவள் என்னையும் திறந்த பெட்டிகளையும் பார்த்தாள். "ஐயோ. அங்கிள் இருக்காங்களா."

"இருக்காங்க, தெரிஞ்சுருச்சு," என்றாள் மெய்யம்மை. "கீழ கார் நிக்கிற இடத்துல வைக்கச் சொல்லு, நாளைக்குக் கிள்ளானுக்கு ஏத்திக்கலாம்."

"கிள்ளானுக்கா?" என்றேன்.

"என் சாமான் தீந்து ரெண்டு மாசமாச்சு. இப்ப மத்த ஆச்சிங்க கொடுத்து விக்கச் சொல்றாங்க. எல்லா வீட்டுலயும் மூணு பெட்டி இருக்குலா, எந்தப் பிள்ளைக்கும் வேணாம். எனக்கு வைக்கத்தான் இடமில்ல. எல்லா இடத்துலயும் உங்க டிவிடி பிளேயர். அதனால தவுக்கேகிட்ட பேசிட்டேன். இன்னும் ரெண்டு வருஷம் கடையை எடுத்துக்கிறோம்னு."

"எடுத்துக்கிறோமா? யாரு?"

"நான். போர்டு உங்க பேருலேயே இருக்கட்டும். மாத்துறது வீண் செலவு."

கடை பிழைத்துவிட்டது. நான் நினைத்தபடியே அந்தப் பெட்டிச் சாமானால்தான் பிழைத்தது. அதில் நான் செய்தது ஒன்றே ஒன்று: நாலு இஸ்திரிப் பெட்டிகளை ரயிலில் சுமந்து வந்தது.

"அப்ப நான்?" என்றேன்.

"வழக்கம்போல போங்க. துடைக்கணும், சுத்திக் கட்டணும், ஆளு வந்தா பேசணும். பேசுறது உங்களுக்கு வரும். அரத்த மட்டும் தூக்கிப் போட்டுடுங்க."

ஒரு மனிதனுக்குக் கடைசிவரை மிஞ்ச வேண்டியது கொஞ்சம் கௌரவம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதலாளியிடம் பேசுகிற குரலை வரவழைத்துக்கொண்டேன்.

"சம்பளம் என்னன்னு இப்பவே பேசிடலாம்."

மெய்யம்மை கண்ணாடியைக் கழற்றினாள். தலையைச் சாய்த்து என்னை இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். விரல் முட்டியால் என் தோளில் இரண்டு தட்டு தட்டினாள். பெருமூச்சு விட்டாள்.

"பழசுதானே," என்றாள். "பாத்துப் போட்டுத் தரேன்."