உப்பைக் குறைத்ததும் புரதம் ஏறிய ஒரே ஆள்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நீங்கள் வேலை பார்க்கும் ஆய்வகத்திலிருந்து நேற்று வந்த தாள் அதை எழுத விடவில்லை.

நான் உண்டு, அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை உண்டு என்று இருந்தவன். "சாப்பாட்டுல உப்பு ஏறி இறங்கினா சிறுநீர்ல புரதம் எப்படி மாறுதுன்னு பார்க்கிறோம், உங்களை மாதிரி கல்லுக்குண்டு ஆள்தான் வேணும்" என்று நீங்கள்தான் இழுத்துவிட்டீர்கள். கல்லுக்குண்டு என்றால் எவன் மறுப்பான்? முதல் வாரம் வழக்கமான சாப்பாடு. கடைசி நாள் முழுக்கப் போவதை ஒரு கேனில் பிடிக்க வேண்டும். இரண்டாம் வாரம் நீங்கள் அளந்து கொடுத்த உப்புப் பொட்டலம் மட்டும். அதன் கடைசி நாளிலும் ஒரு கேன். சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது.

முதல் கேனின் நாள் எனக்கு விடுமுறை இல்லை. ஐந்து லிட்டர் கேனைப் பையில் வைத்து, பேருந்தில் மடியில் அணைத்துக்கொண்டு, அச்சக வாசலில் இறங்கினால் காவலாளி பையை அமுக்கிப் பார்த்தார். "உள்ள என்ன சார்?" "காலையிலேருந்து நான்தான்." அவர் மேற்கொண்டு சோதிக்கவில்லை, ஆனால் மாலைக்குள் மை கலக்குபவர் முதல் மேலாளர் வரை என்னைக் கண்டதும் தண்ணீர் பாட்டிலை இறுக மூடிக்கொண்டார்கள். கேன் குளிர்ச்சியாக இருக்க வேண்டுமாமே என்று வீட்டில் குளிர்பெட்டிக்குள் வைத்தேன். தாகம் என்று வந்து அதைத் திறந்த மாடி வீட்டுத் தையற்காரர் இன்றுவரை எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

இரண்டாம் வாரம் உங்கள் பொட்டலத்தைப் பிரித்த உங்கள் தங்கை, "எங்க, கொட்டிடுச்சா?" என்று தரையைத் தேடினாள். அவ்வளவுதான் என்றதும், "உங்களுக்கு இதைப் போட்டுட்டு நான் மட்டும் உப்போட சாப்பிட்டா எப்படி இறங்கும்?" என்று அவளும் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டாள். ஏழு நாளும் ஒரு கல் உப்பு கூடுதலாக என் நாக்கில் பட்டதில்லை என்று சத்தியம் செய்கிறேன்.

பலன் என்ன? முதல் கேனில் புரதம் இல்லை, இரண்டாவதில் ஏராளம். மற்றவர்களுக்கு உப்பைக் குறைத்தால் புரதம் இறங்குகிறதாம், எனக்கு ஏறுகிறதாம். உங்கள் தலைமை மருத்துவர் அம்மா தொலைபேசியில், "உங்களை மாதிரி ஒருத்தரைப் பார்த்ததே இல்ல, தனிக் கட்டுரையே எழுதலாம்" என்று மகிழ்ந்துவிட்டு, உடனே குரலை இறக்கி, "சிறுநீரகம் கெட்டுட்டு வரலாம், தள்ளிப்போடாம வாங்க" என்றார். அதிலிருந்து உங்கள் தங்கை என்னை அசைய விடுவதில்லை. மணிக்கொரு தரம் என் காலை அமுக்கி வீக்கம் பார்க்கிறாள். "உன் கால்தானே வீங்கியிருக்கு" என்றால், "நாள் பூரா நிக்கிற காலு வீங்காம என்ன செய்யும்? பேச்சை மாத்தாதீங்க" என்கிறாள்.

ஆகவே என் பெயரை ஆய்விலிருந்து அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கருவியில்தான் ஏதோ கோளாறு.

தங்கள் துணைவியாருக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லோரும் நோய் நொடி அண்டாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை நம்ப வேண்டாம். இரண்டாம் வாரம் முழுக்க அச்சகத்து எதிர்க்கடையில் உப்புக்கடலை வாங்கித் தின்றேன், தினம் இரண்டு பொட்டலம். சிறுநீரில் உப்பையும் அளந்து கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று பயம் வந்தது. "ஒப்பிட்டுப் பார்க்க உன்னோடதையும் உங்க அண்ணன் கேட்டார்" என்று அவளிடம் பொய் சொன்னேன். அண்ணன் கேட்டார் என்றதும் மணி பார்த்துப் பிடித்துக் கொடுத்தாள். அந்தக் கேனில்தான் என் பெயரை ஒட்டினேன். "என்னோடது என்னாச்சு?" என்று கேட்டதற்கு, "உனக்கு ஒண்ணுமில்லையாம்" என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இதைத் தபாலில் போடவில்லை. நாளைக் காலை நானே கொண்டுவந்து உங்கள் கையில் கொடுக்கிறேன். படித்துவிட்டு நிமிர்ந்து பாருங்கள், பக்கத்தில் அவள் நிற்பாள். எனக்குத் துணைக்கு வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு.