சசி வீட்டு வாசற்படி

சுதர்ஷினி டீச்சர் வழுக்கி விழுந்தது சசியின் வாசற்படியில். ரப்பர் தோட்டத்து லயத்து வரிசையில் கடைசி வீடு அவனுடையது. மேல் டிவிஷனிலிருந்து வரும் டீச்சர் தினமும் அந்தப் படி வழியாகத்தான் ரோட்டுக்கு இறங்குவார். படியில் பாசி, டீச்சருக்குக் கணுக்கால் சுளுக்கு. ஓடிப்போய்க் கை கொடுக்க வேண்டிய சசி, கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

கேகாலையில் சட்டம் படிக்கும் லயத்துப் பையன் கஜேந்திரன் அன்று மாலையே வந்து மிரட்டினான்.

"சசியண்ணே, இது கவனக்குறைவுக் கேசு. அந்தப் படியில ஆள் நடப்பாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சா, அதைச் சரியா வச்சிருக்கிறது உங்க கடமை. நீங்க செய்யல. அடிபட்டுருச்சு. நட்டஈடு!"

"யாரு எப்ப வருவாங்கன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?"

பக்கத்து வீட்டு மூக்காயிக்கு இரண்டு காதும் சுவரில்தான் இருந்தன.

"ஏன்டா தெரியாது? டீச்சரம்மா வர்ற நேரத்துக்குப் பவுடர் அப்பிக்கிட்டு வாசல்ல நிக்கிறது யாரு, ஒன் தாத்தாவா? காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக்குப் பிந்திப் போயி கங்காணிகிட்ட ஏச்சு வாங்குறது எதுக்காம்?"

"சாட்சியே இருக்கு," என்றான் கஜேந்திரன்.

பொய்யில்லை. 'நல்லாருக்கீங்களா டீச்சர்?' என்ற ஒற்றை வரியை, பால் வெட்டும்போது மரத்துக்கு மரம் சொல்லிப் பழகுவான் சசி. அவரைக் கண்டதும் அது ஆசிட் ஊற்றிய பால் மாதிரித் தொண்டையிலேயே உறைந்துவிடும்.

ரப்பர் தோட்டத்தில் எதற்கும் ஒரே மருந்து, ரப்பர் பால். ஒழுகும் கூரைக்கும் அதுதான், கிழிந்த செருப்புக்கும் அதுதான். சசி பாசியைச் சுரண்டிவிட்டுப் படி முழுக்கப் பாலை ஊற்றினான். மழைக்காலக் குளிரில் அது காயவில்லை. கால் தேறி வந்த டீச்சரின் செருப்பு படியோடு நின்றுவிட்டது. டீச்சர் மட்டும் முன்னால் போய் விழுந்தார். முழங்கையில் காயம்.

"இப்ப ரெண்டு கேசு. எச்சரிக்கைப் பலகையாவது வைங்கண்ணே!"

வைத்தான், தமிழிலும் சிங்களத்திலும். குறுக்கே கயிறும் கட்டினான். பலகையை வாசித்துக்கொண்டே வந்த டீச்சர் கயிற்றில் தடுக்கி, மூக்காயியின் கீரைப் பாத்திக்குள் போனார். மூக்குக்கண்ணாடி உடைந்தது.

அதற்குப் பிறகு அவர் வரவேயில்லை.

சசி படியையே பெயர்த்து, புதிதாகச் சீமெந்து பூசினான். நடக்கத்தான் ஆளில்லை. பவுடர் டப்பாவைத் தொடவில்லை. பெரட்டுக்கு நேரத்தோடு போனான், கங்காணி பயந்துபோய், "உடம்புக்கு முடியலயாடா?" என்று கேட்டார். வழக்குப் போட்டாலும் பரவாயில்லை, கோர்ட்டிலாவது அவர் முகத்தைப் பார்க்கலாமே என்றுகூட ஏங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை, டீச்சரைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் ஆட்டோக்கார ஜஸீலை ரோட்டில் மறித்தான்.

"ஜஸீல், டீச்சர் எம்மேல கேசு போடப் போறாங்களா?"

"கேசா? எனக்குத் தெரியா; அவங்க வீட்டு வாசல் வரைக்கும் கொங்கிரீட் ரோடு போட்டு வருசமாச்சு, அங்கேயே வந்து ஏத்துறேன்னு நானும் கெஞ்சிப் பாத்துட்டேன், புதுக் கண்ணாடி வந்துருச்சாம், நாளைக்கும் உங்க வீட்டுக்குக் கீழதான் நிக்கணுமாம், நடந்தே வாறாங்களாம்!"