ஃபில்லர் அண்ணனும் வீணை வேண்டாத கவிதையும்

மௌனத்துக்கு ஃபில்லர் அண்ணனைப் போல் பயந்த மனிதர் மதுரைச் சீமையிலேயே பிறந்திருக்க மாட்டார். பாம்பு, பல்லி, மேலதிகாரி எல்லாம் அவருக்கு அப்புறம்தான்.

நான் தற்காலிக அறிவிப்பாளராக இருந்த வானொலி நிலையத்தில் அவர் நிகழ்ச்சிப் பொறுப்பாளர். நிகழ்ச்சிகளுக்கு நடுவே விழும் இடைவெளியை அடைக்கிற துண்டு இசைக்கு ஃபில்லர் என்று பெயர். அதை ஒரு பென் டிரைவில் ஏற்றிச் சட்டைப் பையிலேயே சுமந்து திரிந்ததால் அண்ணனுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"ரேடியோ பேசலன்னா செத்துப்போச்சுன்னு நெனச்சுருவாங்கம்மா" என்பார்.

பயம் ஆபீஸோடு நிற்கவில்லை. டீக்கடையில் எல்லோரும் ஒரே நேரத்தில் டீயை உறிஞ்சினால்கூட, "வெயில் எம்புட்டு அடிக்குது பாத்தியா மாப்ள" என்று இடைவெளியை அடைத்துவிடுவார். ஓர் இரங்கல் கூட்டத்தில், மௌன அஞ்சலியின் பாதியில் "அருமையான மனுசன்" என்று உரக்கச் சொல்லி, "ஆமா, ஆமா" என்று பதிலையும் அவரே சொன்னார்.

இப்படிப்பட்டவருக்கு நவீன கவிதை என்றால் உயிர் என்பதுதான் கொடுமை. பக்கத்தில் பாதி வெற்றிடமாகக் கிடக்குமே, அதேதான். வாராந்திர இலக்கிய நேரத்தில் நவீன கவிஞர்களை நேரலையில் வாசிக்க வைக்கச் சண்டை போட்டு அனுமதி வாங்கியிருந்தார். ஒன்றுமே புரியவில்லை என்று புகார்கள் வந்தன. "இன்னொரு புகார் வந்தா அங்க சினிமாப் பாட்டுதான்" என்று நிலையத் தலைவர் எச்சரித்திருந்தார்.

அந்த வாரம் வந்தவர் செல்வி. தல்லாகுளத்தில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சர். கவிதையில் ஒரு தாய், வெளிநாட்டிலிருக்கும் மகனுக்குப் போன் போடுகிறாள். "எடுத்துவிட்டான். பேசவில்லை." அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே கிடையாது.

அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. "அந்த எடத்துல வீணை ஒரு பிட்டு போட்டுக்குவமாம்மா?"

"அந்த அம்மா வீட்டுல வீணை ஏதுண்ணே?" என்றார் செல்வி.

"சரி, ரொம்ப இழுத்துறாத. என் உசுரு தாங்காது."

நேரலை தொடங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்வி. இந்தப் பக்கம் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பலகையில் நான். என் பக்கத்தில் அண்ணன். செல்வி, "பேசவில்லை" என்றார். நிறுத்தினார்.

நிறுத்தினார் என்றால், நிறுத்தியேவிட்டார். வீணையை ஏற்றிவிடலாமா என்று அண்ணனைப் பார்த்தேன். அவர் பலகையை நோக்கி நீண்ட தன் வலது கையை இழுத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். உதடு மட்டும் துடித்தது. கட்டுப்பாட்டறைத் தொலைபேசியின் சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைந்தது. யாரும் எடுக்கவில்லை.

செல்வி மெல்ல முடித்தார்: "மூச்சு கேட்டது. சாப்பிட்டிருப்பான்."

நிகழ்ச்சி முடிந்ததும் தலைவர் கூப்பிட்டார். "யாருய்யா நிலையத்தக் கொன்னு போட்டது? பலகையில யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "நாந்தான் சார். எதையும் தொடாதம்மான்னு நாந்தான் சொன்னேன்." அவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. தற்காலிகக்காரியான என்னை மறுநாளே வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்பது அவருக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து மறுபடி போன். உசிலம்பட்டியிலிருந்து ஓர் அம்மா. தலைவரே எடுத்தார்.

"அய்யா, அந்தப் புள்ள பேசாம நின்னதும் நான் ரேடியோவப் பாத்து ஹலோ ஹலோன்னு கத்திட்டேன். எம்மகனும் துபாய்லதான் இருக்கான். அந்தப் பாட்ட இன்னொருக்கா போடுவீகளா?"

"போடுறோம்மா" என்று சொல்லித் தலைவர் போனை வைத்தார்.

இலக்கிய நேரம் பிழைத்தது. என் வேலையும் பிழைத்தது. நேரலையில் இடைவெளி விடக்கூடாது என்ற விதியை மீறியதற்கு அண்ணனை மட்டும் வேறு ஊர் நிலையத்துக்கு, விவசாய நிகழ்ச்சிக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது காலையில் மாட்டுத் தீவனம் பற்றிப் பேசுகிறார்.

எங்கள் வீட்டில் மாடு கிடையாது. இருந்தாலும் ஒரு நாள் விடாமல் கேட்கிறேன்.