மைப்பழம்

“புள்ளைங்க நாக்கெல்லாம் ஒரே கருநீலம்க்கா. காட்டுல என்னத்தையோ பறிச்சுத் தின்னுட்டு வந்திருக்குதுங்க.”

கம்பெனி பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் யாரிடமோ போனில் சொன்னதுதான். பின்சீட்டில் ராஜசேகருக்கு எச்சில் ஊறிவிட்டது. சின்ன வயதில், கல்லாவியில், பள்ளிக்கூடம் போகிற வழியில் இருந்த முள் புதர்! பேர் தெரியாமலே தின்ற பழம். பையன்களாக வைத்த பேர் மைப்பழம்.

ஓசூர் வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியைக் கேட்டார்.

“மாதேசு, முள்ளுச் செடி. செவப்பா காய்ச்சுக் கறுப்பா பழுக்கும். என்னா செடி அது?”

“சூரையா மாமா?”

“பறிச்சா பால் வடியும்டி.”

“காரை?”

“அது மஞ்சப் பழம்!”

கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் படமே வரைந்து காட்டினார். மாதேஸ்வரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“முள்ளம்பன்னி நல்லாருக்குது மாமா.”

பிறகு கொத்தமல்லி ஆய்ந்தபடியே யோசித்தாள். அவள் அப்படி யோசித்தபோதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

“தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு வேலியில பாத்திருக்கேன். ஞாயித்துக்கெழம போலாமா?”

“உங்கண்ணன் ஊருக்கா?”

தன் மகளின் காதுகுத்து விருந்தில் மச்சான் சென்னப்பன் எல்லார் இலைக்கும் ஈரல் வறுவல் வைத்துவிட்டு, இவர் இலையை மட்டும் தாண்டிப் போனார். அன்றோடு பேச்சு நின்றது. ஒவ்வொரு பண்டிகைக்கும் தனியாகப் போய், “மாப்ள வரலையா?” என்பவர்களுக்கெல்லாம் பொய் சொல்லிச் சொல்லி, மாதேஸ்வரியின் கையிருப்பில் இருந்த பொய்யெல்லாம் தீர்ந்துவிட்டது. இந்த ஞாயிறும் அங்கே பண்டிகை.

“அவன் வூட்டுப் படிய மிதிக்க மாட்டேன். சொல்லிட்டேன்!”

“படிக்கு யாரு கூப்புட்டா? வேலிக்குத்தான்.”

ஞாயிறு காலை பஸ்ஸை விட்டு இறங்கி, கொல்லை வரப்போடு நடந்தார்கள். வேலி வந்தது. அதே முள். அதே பால். ராஜசேகர் கிளையை வளைத்து வளைத்துத் தின்றார். உதடு, பல், வெள்ளைச் சட்டை எல்லாம் மை.

“இதேதாண்டி! பேரு என்னா?”

“களா.”

“தெரியுமா உனக்கு?”

“எங்கண்ணன் வெச்ச வேலி, எனக்குத் தெரியாதா மாமா?”

புதருக்கு மேலே ஒரு தலை எழுந்தது. சென்னப்பன்.

“அட, மாப்ளயா! வேலி ஆடுன ஆட்டத்துக்கு யானைன்னு நெனச்சு ஓடியாந்தேன். வாங்க, வாங்க.”

முறைக்கலாம் என்றால் வாய் நிறையப் பழம். ஒருவழியாக விழுங்கினார்.

“இல்ல... சாயந்தரமே ஓசூரு போவணும்,” என்றார் செடியைப் பார்த்து.

மாதேஸ்வரி தோள்பையைத் திறந்து, அவருடைய லுங்கியை எடுத்து நீட்டினாள்.