அரக்குச் சேலைக்கு ஒரு மார்க்

தியாகராய நகர்,
12-9-1972

'திரைச்சாமரம்' வார இதழின் ஆசிரியர் அவர்களுக்கு,

உஸ்மான் ரோடு ஜவுளிக் கடை கணேசமூர்த்தி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தாங்களும் தங்கள் குடும்பமும் பத்திரிகையும் சௌக்கியம் என்று நம்புகிறேன். நான் சௌக்கியமாக இல்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் தாங்கள் நடத்திய சினிமா வினாடி வினாவில் என்னைத் தோற்கடித்துவிட்டீர்கள். தோற்றேன் என்று எழுத மாட்டேன், ஐயா. மூன்று வருடமாக முதல் பரிசு எனக்குத்தான். எந்தப் படத்தில் எந்த வில்லன் எந்தக் கையால் கதாநாயகியைப் பிடித்து இழுத்தான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். இதற்காகக் கடையை விட்டுவிட்டுப் பகல் காட்சிக்கு ஓடுகிறேன் என்று என் மனைவி சண்முகவடிவு சண்டை பிடிக்கப்போய், இந்த வருடம் தோற்றால் இனி தியேட்டர் வாசலை மிதிப்பதில்லை, போட்டிப் பக்கமே போவதில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டேன். என் பிழைப்பு ஜவுளி, ஆனால் உயிர் சினிமா. அந்த உயிரைத்தான் பறித்துவிட்டீர்கள்.

கடைசிச் சுற்றில் நானும் பாண்டி பஜாரில் கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் ஷரஃபுதீனும் சமமாக நின்றோம். தங்கள் துணை ஆசிரியர் ஜவஹர், போன வருடத்து இரட்டை வேடப் படத்தில் படகுப் பாட்டுக்குக் கதாநாயகி கட்டிய சேலை என்ன நிறம் என்று கேட்டார். அது கறுப்பு வெள்ளைப் படம்! சபையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தச் சேலை என் கடைச் சேலை. சினிமா கம்பெனிக்காரர்கள் கேட்டபோது நானே அரக்கு நிறத்தில் ஒன்றைப் பொறுக்கி, பொட்டலம் கட்டி அனுப்பும்படி சண்முகவடிவிடம் கொடுத்துவிட்டுத்தான் பகல் காட்சிக்குப் போனேன். ஆகவே 'அரக்கு' என்றேன். ஷரஃபுதீன் 'நீலம்' என்றார். நீலம்தான் சரி என்று மணி அடித்துவிட்டார் ஜவஹர்! எப்படி ஐயா என்றால், "அந்தப் படகுப் பாட்டு ஸ்டில்லை எங்க அட்டையில போட்டப்ப நீலம்தான் சார் போட்டிருக்கோம்" என்கிறார். "இன்னா நைனா, பத்திரிகை படிக்கிறதில்லியா நீ?" என்று ஷரஃபுதீன் என் தோளைத் தட்டுகிறார்.

உங்கள் அட்டை ஒரு சாட்சியா? போலீஸ்காரருக்கு ரோஜா நிறத்தில் தொப்பி போட்ட ஓவியர்தானே அதற்கும் வர்ணம் பூசினார்? விற்றவன் நான் குத்துக்கல்லாட்டம் உயிரோடு நிற்கிறேன், என்னை நம்பாமல் பெயிண்டை நம்புவீர்களா? வயிறு எரிகிறது ஐயா. மார்க்கைத் திருத்தி அடுத்த இதழிலேயே வெளியிடாவிட்டால், தங்கள் பத்திரிகையைப் பொட்டலம் மடிக்கக்கூடத் தொட மாட்டேன்.

தங்களுக்கும் இல்லத்தாருக்கும் சகல நலமும் உண்டாகட்டும். ஜவஹருக்கு மட்டும் மார்க்கைத் திருத்திய பிறகு உண்டாகட்டும்.

இப்படிக்கு,
மு. கணேசமூர்த்தி

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் சண்முகவடிவு வாங்கிப் படித்தாள். "ஏன் இந்தக் குதி குதிக்கிய? அந்த அரக்குச் சேலை எம் பொட்டியிலல்லா கெடக்கு. பார்த்ததுமே எனக்குப் பிடிச்சுப்போச்சு. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எதைக் கட்டுனா என்னன்னு நீலத்தை வச்சுக் கட்டி அனுப்புனேன்" என்கிறாள். பெட்டியைத் திறந்தேன். கிடக்கிறது. ஆகவே மார்க்கைத் திருத்த வேண்டாம். சத்தியம் சத்தியம்தான். அடுத்த வருடப் போட்டிக்கு எங்கள் வீட்டிலிருந்து சண்முகவடிவு என்று எழுதிக்கொள்ளவும். படம் பார்க்கப் போகத் துணை வேண்டாமா என்று கேட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பங்கஜம் மாமி வருகிறாளாம். நான் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.