இளகாத கயாக்

அன்பு மச்சான் ராமமூர்த்திக்கு,

ஆம்பூரிலிருந்து மாமா அருணகிரி ஆசிகளுடன் எழுதுவது. இங்கே உன் அக்கா ஜோதி சௌக்கியம், ஏரியும் நிரம்பிச் சௌக்கியம், என் இடுப்பு மட்டும் சௌக்கியமில்லை. காட்பாடியில் நீங்கள் எல்லாரும் எப்படி என்று அறிய ஆவல்.

ரிடையர் ஆனதும் உன் அக்காவை ஏரியில் படகில் கூட்டிப் போவதாகக் கல்யாணமான புதிதில் வாக்குக் கொடுத்திருந்தேன். அதைக் காப்பாற்றத்தான் இருவரும் சென்னைக்குப் போய்க் கயாக் என்கிற துடுப்புப் படகு பார்த்தோம். அடடா, மச்சான்! கூரை வரைக்கும் மஞ்சளும் சிவப்புமாக அடுக்கியிருக்கிறார்கள், ஒவ்வொன்றும் ராட்சசனின் ஒற்றைக் கால் ஷூ மாதிரி. வாய் பிளந்து நின்றேன். கடைப் பெண் கிறிஸ்டினா, "ஏரிக்கா, கடலுக்கா சார்? முன்னாடி ஓட்டியிருக்கீங்களா? புதுசுன்னா அகலமானது எடுங்க, ஆடாது. ஒடுக்கமானது வேகமா போகும், ஆனா பேலன்ஸ் தெரிஞ்சவங்களுக்குத்தான்" என்றாள். உன் அக்காவும், "ரெண்டு பேர் உக்கார்ற மாதிரி எடுங்க" என்றாள். நான் கேட்பேனா? ஷூ கம்பெனியில் ஃபிட்டிங் செக்கராகவே தலை நரைத்தவனுக்கு அளவு சொல்வதா? "புதுசு டைட்டாத்தான் இருக்கணும்மா, போகப் போக இளகும். மொதல்ல நான் பழகிக்கிறேன்" என்று இருப்பதிலேயே ஒடுக்கமான, ஒரு ஆள் கயாக்கை எடுத்தேன். "சார், இது பிளாஸ்டிக்" என்றாள் அந்தப் பெண்.

டைட் ஷூவுக்குச் செய்வதுபோல அதன் வாய்க்குள் ஈரப் பேப்பரைத் திணித்து ஒரு வாரம் வைத்தேன். இளகவில்லை. இன்று காலை மூச்சை அடக்கி உள்ளே இறங்கினேன். என்ன சொல்வேன்! சத்தமே இல்லாமல் தண்ணீர் மேல் வழுக்கிப் போனது, எதிர் மலை முழுக்க என் கைக்கடியில் தலைகீழாகக் கிடந்தது. துடுப்பு போடவே மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. முழங்கால் ஆழம்தான், ஆனால் வெளியே வர முடியவில்லை. ஏரிக் காவலாளி சின்னசாமி ஒரு பக்கம், உன் அக்கா ஒரு பக்கம் பிடித்து, "இன்னாங்க, மூச்ச வுடுங்க, வயிறு உள்ள போகட்டும்" என்று இழுத்தார்கள்.

கரையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மினி லாரியோடு வந்து இதை எடுத்துப் போய்விடு. எந்த மனுஷனுக்கும் இது பொருந்தாது. தண்ணீர் நமக்கு ஆகாது, அந்த ஆசையை விட்டுவிடு என்று உன் அக்காவிடமும் சொல்லிவிட்டேன். அவள் ஏரியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்த முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருக்கிறது.

பிள்ளைகளுக்கு முத்தம். எல்லாரும் கால் வலி இல்லாமல் நெடுநாள் வாழ்க.

இப்படிக்கு,
அருணகிரி

பி.கு.: வராதே. கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் கயாக்கும் இல்லை, உன் அக்காவும் இல்லை. என் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏரி நடுவில் இருக்கிறாள்! புடவையை இழுத்துச் செருகி, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று துடுப்பு போடுகிறாள், துளி ஆட்டமில்லை. அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். "யார்கிட்ட கத்துக்கினே?" என்று கத்தினேன். "எங்க ஊர் ஏரியில, சின்ன வயசுல, வாழக்கட்டத் தெப்பம் வுட்டு! நீங்கதான் ஒரு நாளும் கேக்கலியே!" என்று அங்கிருந்தே பதில் வந்தது. உனக்குத் தெரிந்திருக்கும், மச்சான். முப்பத்தோரு வருஷம் கூட இருந்த எனக்குத்தான் தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது. கிறிஸ்டினாவுக்கு ஃபோன் செய்துவிட்டேன்: நல்ல அகலமாக, ஆடாததாக, ஒன்றுமே தெரியாதவருக்கு ஏற்றதாக இன்னொன்று. எனக்கு.