ராஜாளி பேசுதேன், ஓவர்

"அமுக்குங்க, பேசுங்க, விட்டுருங்க. விட்டாத்தான் அண்ணாச்சி, அந்தப் பக்கம் பேசுதது நமக்குக் கேக்கும்" என்று முகம்மது ஆரிப் திரும்பவும் சொன்னான்.

செல்வமணி பட்டனை விடவில்லை. தான் பேசி முடித்ததும் அடுத்தவருக்கு இடம் விடுவது கல்யாணமான நாளிலிருந்தே அவருக்குப் பழக்கமில்லாத காரியம். இப்போது கட்டைவிரலுக்கு மட்டும் புதுப்பழக்கம் வா என்றால் வருமா?

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது ஆரிப்பின் எலக்ட்ரானிக்ஸ் கடை. மேஜைமேல் இரண்டு சிட்டிசன்ஸ் பேண்ட் ரேடியோக்கள். பெரியது ஊருக்கு வெளியே இருக்கும் செல்வமணியின் விசைத்தறிக் கூடத்துக்கு. கையில் பிடிக்கிற சின்னது வீட்டுக்கு. தறிச் சத்தத்தில் போன் மணி கேட்பதில்லை என்று கடையில் காரணம் சொல்லியிருந்தார். அந்தச் சத்தத்தில் ரேடியோ மட்டும் எப்படிக் கேட்கும் என்று ஆரிப் கேட்கவில்லை. கேட்டால் அவன் என்ன வியாபாரி?

"இது இருபத்தேழு மெகாஹெர்ட்ஸ் அண்ணாச்சி. அஞ்சு வாட் வரைக்கும் லைசென்ஸ் வேண்டாம். அதுக்கு மேல பவரைக் கூட்டுனா குத்தம். கெட்ட வார்த்தை பேசக்கூடாது. பேசி முடிச்சா 'ஓவர்'னு சொல்லணும்."

"ஊர்ல வேற யார்ட்ட இது இருக்கு?"

"எனக்குத் தெரிஞ்சு எங்கிட்ட மட்டுந்தான். நான் உங்க சேனல் பக்கமே வரமாட்டேன்."

"அப்பச் சரி."

"இதுல ஆளுக்கு ஒரு பட்டப்பேரு வச்சுக்கிடுவாங்க. உங்களுக்கு என்ன வைக்க?"

செல்வமணி மீசையைத் தடவிக்கொண்டார். "ராஜாளி" என்றார்.

ராஜாளியின் உண்மையான கதை இதுதான். போன மாதம் வாசுதேவநல்லூரில் மச்சினன் கல்யாணம். பந்தியில் ரசம் வந்தது. அதை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "ஆகா, இதுல்லா ரசம்! எங்க வீட்டுல இருவது வருசமா சுடுதண்ணியில கறிவேப்பிலையப் போட்டு ரசம்னு ஊத்துதாவ" என்று சத்தமாகச் சொன்னார். பந்தியே சிரித்தது. பக்கத்தில் பரிமாறிக்கொண்டிருந்த மனைவி சங்கரேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு வாயை மூடியவள்தான். வேளைக்குச் சாப்பாடு வந்தது, துணி துவைத்து மடித்து வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை.

அவளுடைய நிபந்தனை கல்லூரியில் படிக்கும் மகள் ப்ரியதர்ஷினி மூலமாக வந்து சேர்ந்தது. "நாலு பேரு சிரிக்கச் சொன்னாருல்லா, நாலு பேரு கேக்கத் தப்புன்னு சொல்லட்டும்ங்கா அம்மா. இல்லைன்னா கோயில்ல ஆடித்தபசுத் திருவிழா முடிஞ்சதும் ஊருக்குப் போறாளாம்."

"எப்ப வருவாளாம்?"

"அதைச் சொல்லல."

போனவள் வராமலே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று செல்வமணிக்குப் பயம். அதற்காக, எட்டுத் தறிக்கு முதலாளி, தெருச் சங்கத்தில் துணைத்தலைவர், ஊர் முன்னால் நின்று ரசத்துக்காக மன்னிப்புக் கேட்பதா? தனியாகக் கேட்கலாம் என்றால் அவர் வாயைத் திறந்ததும் அவள் மிக்ஸியைப் போட்டுவிடுகிறாள். போன் பண்ணினால் கட் பண்ணிவிடுகிறாள். அதுவுமில்லாமல், அவள் முகத்தைப் பார்த்துத் தப்பு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. முகம் தெரியாமல், மிக்ஸி கேட்காமல், பேசிக்கொண்டே இருக்க ஒரு வழி வேண்டும். அப்படி வந்ததுதான் ரேடியோ.

வீட்டில் சின்ன ரேடியோவை மகளிடம் நீட்டினார். "உங்க அம்மாட்ட சொல்லு. இதை அணைக்காம பக்கத்துல வச்சிருந்தாப் போதும். அவ பேச வேண்டாம்."

மூன்றடி தள்ளிக் காய் நறுக்கிக்கொண்டிருந்த சங்கரேஸ்வரி தலையைத் தூக்காமல் கேட்டாள். "ப்ரியா, இதுல பேசுதது வேற யாருக்காவது கேக்குமான்னு உங்க அப்பாட்டக் கேளு."

"ஈ காக்காக்குக் கேக்காதுன்னு சொல்லு."

"ம்" என்றாள் சங்கரேஸ்வரி. ரேடியோவை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். அந்த 'ம்' தனக்குத்தான் என்று செல்வமணி நம்பினார். நம்பி, இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை தறிக்கூடத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பட்டனை அமுக்கினார். "ராஜாளி பேசுதேன். சங்கரி, கேக்குதா? ஓவர்."

பதில் வந்திருந்தாலும் கேட்டிருக்காது. பட்டனை விடவில்லையே. மகளுக்குப் போன் போட்டார்.

"கொரகொரங்குதாம்ப்பா. ஒரு வார்த்தையும் விளங்கலையாம். தெளிவாக் கேக்குத மாதிரி பேசச் சொல்லுதா."

செல்வமணிக்குத் தலைகால் புரியவில்லை. கேட்க ஆசைப்படுகிறாள்! நேரே ஆரிப்பிடம் ஓடினார்.

"தறி மோட்டார் பக்கத்துல ஆன்டெனா வச்சாக் கொரகொரக்கத்தான் செய்யும். மாடியில உசரமா ஏத்துங்க. நான் வந்து மீட்டர் வச்சுப் பாக்காம பட்டனை அமுக்கிராதீய. ரேடியோ வெந்துரும்."

ஆன்டெனா தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏறியது. ஆரிப் வந்து சரிபார்த்துவிட்டுப் போன மறு நிமிஷம் ராஜாளி மறுபடி பேசியது. "சங்கரி, ஒன் ரசம் நல்லால்லைன்னு நான் சொல்லல. சுடுதண்ணி மாதிரி இருக்குன்னுதான் சொன்னேன். அதுக்குப் போயி இம்புட்டுக் கோவமா? ஓவர்."

மத்தியானம் வீட்டிலிருந்து தூக்குச்சட்டி வந்தது. சோறு, கூட்டு, அப்பளம். ரசம் இருக்கவேண்டிய கிண்ணத்தில் சுத்தமான சுடுதண்ணீர். கறிவேப்பிலைகூட இல்லை.

கேட்டுவிட்டாள்! அதுவரைக்கும் சந்தோஷம். மன்னிப்பு மட்டும் போய்ச் சேரவில்லை.

சாயங்காலம் மகள் செய்தி சொன்னாள். "நாளைக்கு மத்தியானம் பேசச் சொல்லுதாப்பா. காலையில அவளுக்குச் சௌரியப்படலையாம். இன்னும் கொஞ்சம் சத்தமா இருந்தா நல்லதாம்."

"பவரைக் கூட்டுத பூஸ்டர் ஒண்ணு குடு" என்று ஆரிப்பிடம் நின்றார்.

"முடியாது அண்ணாச்சி. அஞ்சு வாட்டுக்கு மேல போனா ரெண்டு பேரும் கம்பி எண்ணணும்."

தறி மெக்கானிக் இசக்கித்துரையிடம் அந்தப் பயமெல்லாம் கிடையாது. "இம்புட்டுத்தானா மொதலாளி?" என்று போனவன், எங்கேயோ பழைய சாமான் கடையில் பிடித்து ஒரு தகரப்பெட்டியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டான். பெட்டி உறுமியது. மேலே கை வைத்தால் சுட்டது.

மறுநாள் மத்தியானம் தறிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார் செல்வமணி. சத்தம் அடங்கியதும் மனசுக்குள்ளும் ஏதோ அடங்கியது. எழுதி வைத்திருந்த வசனமெல்லாம் மறந்துபோயிற்று.

"ராஜாளி பேசுதேன். சங்கரி, நான்தான். அன்னைக்குப் பந்தியில எல்லாரும் சிரிச்சாவ. நீ வாளியோட அங்கனயே நின்ன. ஒன் மொகம் சுருங்குனதை நான் பாத்தேன். பாத்துட்டும் சிரிச்சேன். நாலு பேரு என்னைப் பாத்துச் சிரிக்குதாவன்னு ஒரு பெருமை. தப்பு எம்மேலதான் சங்கரி. எனக்குக் காச்சல் வந்தா ஒன் ரசத்தைத் தவிர ஒண்ணும் எறங்காது. அது ஒனக்கே தெரியும். நீ பேசாம வீட்டுக்குள்ள இருக்க முடியல. ஊருக்குப் போவாத. ஓவர்."

வேறு சொல்ல ஒன்றுமில்லாததால் கட்டைவிரல் தானாகவே பட்டனை விட்டது.

கொஞ்ச நேரம் கொரகொரப்பு. பிறகு, ஒரு மாதமாக அவரிடம் பேசாத குரல். "சாப்பாடு குடுத்துவிடல. வீட்டுக்கு வாங்க. ரசம் வச்சிருக்கேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஓவர்" என்றாள்.

பின்னால் கைதட்டலும் விசிலுமாக ஒரே இரைச்சல். டிவியில் ஏதோ நிகழ்ச்சி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

பைக்கை எடுத்தார். ஊருக்குள் ஆடித்தபசுக் கூட்டம். தெருவெல்லாம் கூம்பு ஸ்பீக்கர். கூட்டத்தில் வண்டி நகரவில்லை. டீக்கடைப் பொன்னுச்சாமி எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன ராஜாளி, ரசம் குடிக்கப் பறக்கேராக்கும்?"

செல்வமணி வண்டியை அணைத்தார். அந்தப் பெயர் வீட்டுக்கும் ஆரிப்புக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அதற்குள் முன்பின் தெரியாத ஒருவர் தோளைத் தட்டி, "நல்ல மனசு வே ஒமக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். மாடியிலிருந்து ஒரு பெண் தன் புருஷனைக் கூப்பிட்டு இவரைக் காட்டினாள். பாடம் படி என்கிற மாதிரி இருந்தது.

வீட்டுக்குப் போகவேண்டிய பைக் ஆரிப் கடைக்குத் திரும்பியது.

"ஏலே, ஊருக்கே சொல்லிட்டியால?"

"நானா? அன்னதானப் பந்தல் மைக் செட்டுல உங்க குரல் வருதுன்னு கேட்டு நானே வெலவெலத்துப் போயிருக்கேன். உள்ளதைச் சொல்லுங்க, பூஸ்டர் மாட்டுனீயளா?"

"இசக்கித்துரைதான் மாட்டுனான்" என்றார் செல்வமணி.

"நினைச்சேன்! பவர் கூடுனா அது மைக் செட்டு வயர் வழியா உள்ள புகுந்துரும். தெருத்தெருவாக் கேக்கும். மைக் செட்டுக்காரர் ஒரு புகார் குடுத்தாப் போதும், அதிகாரிக தேடி வந்துருவாங்க. முதல்ல அவர் கால்ல கையில விழுங்க."

செல்வமணி உடனே இசக்கித்துரைக்குப் போன் போட்டுப் பெட்டியைக் கழற்றச் சொன்னார். ஊர் முன்னால் மானம் போயிற்று. அது இனி வராது. சங்கரேஸ்வரி பேசிவிட்டாள், அது போதும். ஜெயிலுக்குப் போகாமல் அந்த ரசத்தைக் குடித்தால் சரி என்று அன்னதானப் பந்தலுக்கு ஓடினார்.

பந்தியில் இலை போட்டு ஒரு தெருவே உட்கார்ந்திருந்தது. இவரைக் கண்டதும் கைதட்டல் எழுந்தது. விசிலும் அடித்தார்கள். மைக் செட்டு மாரிசெல்வம் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். செல்வமணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாரிசெல்வம், தப்பா எடுத்துக்கிடாதீய. எங்க பூஸ்டர் வேலைதான் இது. அளவுக்கு மேல பவரைக் கூட்டி உங்க செட்டுக்குள்ள புகுந்துட்டேன். எங்கயும் புகார் சொல்லிராதீய."

மாரிசெல்வம் பாயச டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரை விநோதமாகப் பார்த்தார்.

"பூஸ்டரா? அது என்னன்னே எனக்குத் தெரியாது அண்ணாச்சி. மதினிதான் அந்தச் சின்ன ரேடியோவைக் கொண்டாந்து, மைக்குக்கு நேராப் பிடிச்சுக்கிட்டு, 'எங்க வீட்டுக்காரரு பேசுவாரு, பந்தியில கடைசி இலைக்கும் கேக்குத மாதிரி சத்தத்தைக் கூட்டி வையி'ன்னு சொன்னாவ."